தைபேயில் சமையல் வகுப்பு: எதற்குப் பணம் கட்டலாம், எதை விட்டுவிடலாம்?

தைவானுக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர் இப்போது ஒரு காலைப்பொழுதைச் சமையல் வகுப்புக்கென்று ஒதுக்கிவிடுகிறார்கள். தைபே 101 கோபுரம், இரவுச் சந்தை, வெந்நீர் ஊற்று என்ற வரிசையில் அதுவும் சேர்ந்துவிட்டது. கேகேடே, க்ளூக் போன்ற முன்பதிவுத் தளங்களில் தேடினால் வகுப்புகள் பக்கம் பக்கமாக வந்து விழுகின்றன. எல்லாப் படங்களிலும் ஏப்ரன் கட்டிய யாரோ ஒருவர் மூங்கில் ஆவித்தட்டைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருப்பார். விலையைப் பார்த்தால் சில நூறு டாலரிலிருந்து மூவாயிரம் டாலர் வரை போகிறது. (இந்தக் கட்டுரையில் டாலர் என்றால் தைவான் டாலர். ஒரு டாலர் ஏறக்குறைய மூன்று ரூபாய்.)

இவற்றில் எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான். நீங்கள் கற்கப்போகும் பண்டம், வகுப்பு நடக்கும் அந்த மூன்று நான்கு மணி நேரத்துக்குள் முதலிலிருந்து கடைசிவரை உங்கள் கண்முன்னே உருவாகுமா? அல்லது பாதி வேலையை முதல் நாள் இரவே யாரோ செய்து குளிர்பெட்டியில் வைத்திருப்பார்களா? நட்சத்திர மதிப்பீடு, படங்கள், ஆசிரியரின் ஆங்கிலம் எல்லாம் இதற்கு அப்புறம்தான். இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால், மிகப் பிரபலமான வகுப்பு பட்டியலின் அடிக்குப் போய்விடுகிறது.

கொழுக்கட்டை வகுப்பு

அந்தப் பிரபலம் சியாவ்லொங்பாவ். கடித்தால் சூடான சாறு வழியும் சிறிய ஆவிக் கொழுக்கட்டை. தைபே என்றதும் உலகம் இதை நினைப்பதற்குத் தின் தாய் ஃபுங் உணவகம் பெரும் காரணம். 1958-ல் சமையல் எண்ணெய்க் கடையாகத் தொடங்கி 1972-ல் உணவகமாக மாறிய நிறுவனம் அது. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை உடை அணிந்தவர்கள் 5 கிராம் மாவுத் தாளில் 16 கிராம் பூரணம் வைத்து, 18 மடிப்பு மடித்து, தராசில் நிறுத்துப் பார்ப்பார்கள். சற்று நேரம் நின்று பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். உடனே வகுப்பு தேடத் தோன்றும்.

ஆனால் அந்தச் சாறு எங்கிருந்து வருகிறது? பன்றித்தோலை மணிக்கணக்கில் வேகவைத்து, வடிகட்டி, குளிரவிட்டால் அந்த நீர் கட்டியாக உறையும். உறைந்ததைப் பொடியாக நறுக்கி, கொத்திய இறைச்சியோடு பிசைந்தால்தான் பூரணம். ஆவி பட்டதும் கட்டி உருகிச் சாறாகிவிடுகிறது. பண்டத்தின் சூட்சுமம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. ஆனால் ஒரு காலைப்பொழுதுக்குள் இதைச் செய்துகாட்ட முடியாது. எனவே வகுப்பில் பூரணம் கிண்ணத்தில் தயாராக வந்துவிடும். மாவும் பெரும்பாலும் பிசைந்து ஊறியே இருக்கும். உங்களுக்கு மிஞ்சுவது மாவைத் தேய்ப்பதும் மடிப்பதும். மாவுத்தாள் நடுவில் சற்றுத் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருக்க வேண்டும். இடது கட்டைவிரலால் பூரணத்தை உள்ளே அமுக்கிக்கொண்டே வலது விரல்களால் ஓரத்தைக் கொய்துகொண்டு வர வேண்டும். முதலில் செய்பவை கிழிந்து, சாறு முழுவதும் ஆவித்தட்டின் துணிக்குப் போய்விடும். அப்புறம் கொஞ்சம் பிடிபடும். பிடிபடுகிற நேரத்தில் வகுப்பு முடிந்துவிடும்.

பொழுதுபோக்கு என்ற வகையில் இதில் குறை ஒன்றும் இல்லை. நான்கு பேராகப் போனால் ஒருவர் செய்த கோணல் கொழுக்கட்டையை மற்றவர் கேலி செய்தபடி இரண்டு மணி நேரம் ஓடிவிடும். ஊருக்குத் திரும்பிய பிறகு பன்றித்தோல் வாங்கி வேகவைக்கப் போகிறோமா என்று மட்டும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லை என்றால், அதே பணத்தில் அந்த உணவகம் இருக்கும் சின்யீ சாலைக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுவிடலாம். கை தேர்ந்தவர் செய்ததைச் சாப்பிடுவதே இந்தப் பண்டத்துக்கு மரியாதை.

மாட்டிறைச்சி நூடுல்ஸ் சூப் கற்றுத்தரும் வகுப்புக்கும் இதே குறைதான். எலும்பும் இறைச்சியும் கொதிக்க வேண்டிய நேரத்துக்கு முன்னால் ஒரு காலைப்பொழுது ஒன்றுமே இல்லை. நேற்றுச் செய்த சாறு அடுப்பில் இருக்கும். நீங்கள் கீரையை வேகவைத்து மேலே வைப்பீர்கள்.

இந்த இரண்டும் தைவானின் பழைய உணவுகள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சியாவ்லொங்பாவ் ஷாங்காய் வட்டாரத்துப் பண்டம். 1949-ல் சீன உள்நாட்டுப் போரில் தோற்ற கோமின்டாங் கட்சி அரசு கடல் கடந்து வந்தபோது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடவே வந்தார்கள். அவரவர் மாகாணத்துச் சமையலும் வந்தது. அமெரிக்க உதவியாக வந்திறங்கிய கோதுமை, அரிசி தின்ற தீவில் மாவுப் பண்டங்களைப் பரப்பியது. படைவீரர் குடியிருப்புகளில் சிச்சுவான் பாணிக் கார அவரை விழுதைப் போட்டுக் காய்ச்சிய சாறுதான் இன்றைய மாட்டிறைச்சி நூடுல்ஸ். உழவுக்கு உதவிய மாட்டைத் தின்னக் கூடாது என்ற பழக்கத்தை இன்றும் விடாத பழைய தைவான் குடும்பங்கள் உண்டு. அவர்கள் வீட்டில் இந்தச் சூப் நுழையாது. எனக்கு இதில் வழக்கு எதுவும் இல்லை. எழுபது ஆண்டுக்கு மேல் ஓர் ஊரில் வேர்விட்ட உணவு அந்த ஊருடையதுதான். ஆனால் தைவானியப் பாட்டிகளின் சமையலைக் கற்க வேண்டும் என்று கிளம்புகிறவர், பட்டியலில் கொழுக்கட்டை மட்டும் இருந்தால் பணம் கட்டும் முன் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

சந்தையோடு தொடங்கும் வகுப்பு

பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதைத்தான். காலை ஒன்பது மணி வாக்கில் ஒரு மெட்ரோ வாசலில் கூடுவார்கள். ஆசிரியர் பக்கத்துச் சந்தைக்கு அழைத்துப் போவார். பிறகு சமையற்கூடம், மூன்று அல்லது நான்கு பண்டங்கள், எல்லோரும் சேர்ந்து மதிய உணவு. தலைக்கு 2,000 முதல் 3,000 டாலர் வரை ஆகும். நம் கணக்கில் ஆறாயிரம் முதல் ஒன்பதாயிரம் ரூபாய். சின்னத் தொகை அல்ல. ஒரு சிறு கிண்ணம் லூரோஃபான், அதாவது சோயாவில் வதக்கி வேகவைத்த பன்றி இறைச்சியை மேலே ஊற்றிய சோறு, 50 டாலருக்குள் கிடைக்கும் ஊரில் இது நாற்பது கிண்ணத்தின் விலை.

கொடுத்த பணத்தில் பாதி சந்தையிலேயே திரும்பி வந்துவிடும் என்பது என் கருத்து. தோங்மென் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போனாலும் சுற்றிப் பார்க்கலாம். ஆனால் எது என்ன என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆசிரியரோடு போகும்போது இரண்டு விதமான நல்லெண்ணெயையும் மோந்துபார்க்கச் சொல்வார். வெள்ளை எள்ளில் எடுத்தது லேசானது. கறுப்பு எள்ளை வறுத்து எடுத்தது மூக்கைத் துளைக்கும். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு அந்தக் கறுப்பு எண்ணெயில் இஞ்சியும் கோழியும் போட்டுச் செய்யும் சூப்பைப் பற்றி அங்கேயே சொல்வார். கறுப்பு அவரையில் செய்த சோயா சாஸ் ஏன் விலை கூடுதல் என்று கேட்டால், யுன்லின் மாவட்டத்து சிலுவோவில் அது மண்சாடிகளில் மாதக்கணக்கில் வெயில் காய்வதைச் சொல்வார். காய்கறி வாங்கினால் கடைக்காரர் இரண்டு வெங்காயத்தாளைச் சும்மா பையில் செருகிவிடுவார். நம் ஊர்க் கறிவேப்பிலைக் கொசுறின் அதே கணக்கு. அது கிடைக்காவிட்டால் அங்குள்ளவர்களுக்கும் கோபம் வரும்.

தைவானின் சின்ன வெங்காயத்தைப் பார்த்ததும் தமிழர் எவருக்கும் முகம் மலரும். சிவந்த தோல், சிறிய பல். அதைப் பொன்னிறமாகப் பொரித்து எண்ணெயோடு சாடியில் போட்டு வைத்துக்கொள்கிறார்கள். லூரோஃபான், சூப், கீரை எதுவானாலும் மேலே ஒரு கரண்டி. தைவானியச் சமையலின் வாசம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் இந்தச் சாடியைத்தான் காட்டுவேன். ஊரில் எந்தக் குறையும் இல்லாமல் செய்யக்கூடியதும் இதுதான்.

சமையற்கூடத்துக்கு வந்த பிறகு பண்டத் தேர்வுதான் முக்கியம். பட்டியலில் சான்பெய்ஜி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்யலாம். மூன்று கோப்பைக் கோழி என்பார்கள். எண்ணெய், சோயா சாஸ், அரிசி மது மூன்றும் தலா ஒரு கோப்பை என்பது பெயரளவில்தான். இன்று யாரும் அந்த அளவில் ஊற்றுவதில்லை. ஊற்றினால் சாப்பிட முடியாது. நல்ல ஆசிரியர் இஞ்சியில்தான் தொடங்குவார். முற்றிய இஞ்சியைத் தோலோடு மெல்லிய வட்டங்களாக நறுக்கி, கறுப்பு எள் எண்ணெயில் சிறுதீயில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்வார். தீயைக் கூட்டினால் எண்ணெய் கசந்துவிடும். இஞ்சி வட்டத்தின் ஓரங்கள் மெதுவாகச் சுருங்கி, உள்நோக்கி வளைந்து, பழுப்பேறிய பிறகுதான் முழுப் பூண்டுப் பற்கள். அப்புறம் எலும்போடு வெட்டிய கோழி. கோழி நிறம் மாறியதும் சோயா, மது, கொஞ்சம் கற்கண்டு. சாறு வற்றிக் கோழியில் பளபளவென்று ஒட்டும் நேரத்தில் ஒரு பெரிய பிடி துளசி இனத்து இலையைப் போட்டு, கிளறி, மூடி, அடுப்பை அணைத்துவிடுவார்கள். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. மறைத்து வைத்த படி ஒன்றும் இல்லை.

அந்த இலை நம் வீட்டுத் துளசி அல்ல. திருநீற்றுப்பச்சிலை என்கிறோமே, சப்ஜா விதை தரும் செடி, அதன் இனம். ஊரில் தொட்டியில் வளர்த்தால் இந்தக் கறிக்குக் கவலை இல்லை. நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது என்பதால் அந்த வாசம் வராது. ஒரு புட்டி கறுப்பு எள் எண்ணெயை விமானத்தில் சரக்காக அனுப்பும் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவது நல்லது. சமையல் அரிசி மது அங்கே சாதாரணக் கடைகளிலேயே கிடைக்கும். மது சேர்க்காதவர்கள் இந்தப் பண்டத்தைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே மேல். சாறு நிற்கும் மூன்று கால்களில் ஒன்று அது. எடுத்துவிட்டால் வேறு கறியாகிவிடும்.

இரண்டாவதாக நான் தேடுவது வெங்காயத்தாள் அடுக்கு ரொட்டி, சோங்யோபிங். கோதுமை மாவில் முதலில் கொதிநீர், பிறகு பச்சைத் தண்ணீர். வெந்நீர் பட்ட மாவு இழுவை குறைந்து மென்மையாகும். ஊறவைத்துத் தேய்த்து, எண்ணெய் தடவி, உப்பும் வெங்காயத்தாளும் தூவி, கயிறாகச் சுருட்டி, வட்டமாகச் சுற்றி, மறுபடி தேய்த்துக் கல்லில் போடுகிறார்கள். பரோட்டா போடத் தெரிந்தவருக்குச் சுற்றும் முறையில் புதிதாக ஒன்றும் இல்லை. கொதிநீரில் பிசைவதுதான் புதிது, அதைக் கையால் தொட்டுப்பார்க்காமல் எழுத்தில் படித்துப் புரிந்துகொள்வது கடினம். வெந்த ரொட்டியை இரண்டு தோசைத் திருப்பிகளால் பக்கவாட்டில் தட்டி அடுக்குகளைக் குலைப்பார்கள். வகுப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டும் சத்தம் வேடிக்கையாக இருக்கும்.

முள்ளங்கிப் பணியாரம் போன்ற லோபோகாவ் பட்டியலில் இருந்தால் அதற்கும் என் ஓட்டு. முள்ளங்கியைத் துருவி வதக்கி, அரிசி மாவுக் கரைசலில் சேர்த்துக் கிளறி, ஆவியில் வேகவைத்து, துண்டுபோட்டுக் கல்லில் சிவக்க வாட்டுவது. தைவானில் இதற்கு எடுப்பது ஒட்டுந்தன்மை குறைந்த பழைய நாட்டு இனத்து அரிசி; ஜப்பானியர் ஆட்சியில் பரவிய குட்டை அரிசி அல்ல. அது இண்டிகா வகை என்பதால் நம் பச்சரிசி மாவே போதும். ஒரு குறை உண்டு: முழுதாக ஆறிய பிறகு வெட்டினால்தான் துண்டு உடையாமல் வரும். வகுப்பில் அவ்வளவு பொறுமை இருக்காது என்பதால், வாட்டுவதற்கு முதல் நாள் செய்த கட்டியைக் கொண்டுவருவார்கள். என் அளவுகோலின்படி இதில் கால் மதிப்பெண் குறைகிறது, அவ்வளவே. நீங்கள் கிளறியதை எடுத்துக்கொண்டு போகச் சொல்வார்கள்; தங்கும் அறையில் வாட்டக் கல் இல்லாமல் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பணம் கட்டும் முன் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, ஒரு நபருக்கு ஓர் அடுப்பா, இரண்டு பேருக்கு ஒன்றா என்று கேட்டுவிடுங்கள். இரண்டு பேருக்கு ஒன்று என்றால் ஒருவர் கிளறுவார், மற்றவர் படம் எடுப்பார். சில இடங்களில் குறைந்தது இருவர் பதிவு செய்தால்தான் வகுப்பே நடக்கும். தனியாகப் பயணம் செய்கிறவர்கள் இதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டுச் சமையலறை

யாரோ ஒருவர் தன் வீட்டுக்கு அழைத்துச் சமைத்துக் காட்டும் ஏற்பாடும் உண்டு. விலை சிலசமயம் கூடுதல், சிலசமயம் குறைவு; தரமும் அப்படியே. இங்கே வரிசையாக அடுப்புகள் இருக்காது, அளந்து வைத்த சிறு கிண்ணங்கள் இருக்காது. குறுகிய சமையலறையில் நீங்கள் வாசலில் நின்று எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். கற்கும் உத்தி குறைவு. ஆனால் தைவானியர் தினமும் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது இங்கேதான் தெரியும்: பூண்டோடு வதக்கிய வள்ளிக்கிழங்கு இலை, தக்காளி போட்ட முட்டை, இஞ்சி நறுக்கிய தெளிந்த சூப். உணவகத்தில் தெரியாத அளவுக்கு வீட்டுச் சமையலில் காரமும் எண்ணெயும் குறைவு. நம் நாக்குக்கு முதல் வாய் சப்பென்றுதான் இருக்கும்.

தாத்தோங் மின்பானையையும் அங்கேதான் பார்ப்பீர்கள். 1960 முதல் விற்கப்படும் அந்தப் பானை இல்லாத தைவான் வீடு அரிது. வெளிப்பானையில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றி, உள்பானையில் அரிசியோ சூப்போ முட்டையோ வைத்து, கீழே உள்ள குமிழை அமுக்க வேண்டும். தண்ணீர் வற்றியதும் தானே அணைந்துவிடும். கடிகாரம் பார்க்கத் தேவையில்லை. ஊற்றுகிற தண்ணீரின் அளவே நேரம். இதைப் பார்த்த சமையல்காரர் யாருக்கும் வாங்கிக்கொண்டு போகத் தோன்றும். தைவானில் மின்சாரம் 110 வோல்ட் என்பதை அந்த நேரத்தில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே விற்கும் பானையை நம் ஊர்ச் செருகியில் போட்டால் அதன் கதை அன்றோடு முடிந்துவிடும்.

முதல் முறை போகிறவருக்கு நான் வீட்டு வகுப்பைச் சொல்வதில்லை. கொஞ்சம் சீன மொழி தெரிந்தவருக்கும், ஏற்கெனவே ஒரு முறை தைவான் போய்வந்தவருக்கும் இதைவிட நல்லது எதுவும் இல்லை.

பிள்ளைகளோடு போகிறவர்கள்

சிறுவர்களை நான்கு மணி நேரம் சமையற்கூடத்தில் நிறுத்துவது அவர்களுக்கும் தண்டனை, மற்றவர்களுக்கும் தண்டனை. அவர்களுக்கு அன்னாசி கேக் செய்யும் இடங்கள் இருக்கின்றன. 1867-ல் தொடங்கிய குவோ யுவான் யே என்ற பழைய பலகாரக் கடை, ஷிலின் பகுதியில் ஒரு பலகார அருங்காட்சியகத்தையே நடத்துகிறது. தலைக்குச் சில நூறு டாலர். என் அளவுகோலில் இது தோற்றுப்போகும்: அன்னாசியைச் சுண்டவைக்க மணிக்கணக்காகும் என்பதால் பூரணம் தயாராக வரும், மாவும் தயார். மாவுக்குள் பூரணத்தை வைத்து உருட்டி, சதுர அச்சில் அமுக்கினால் வேலை முடிந்தது. கேக் அடுப்பில் இருக்கும் நேரத்தில் பழைய திருமணச் சீர்ப் பலகாரங்களைப் பற்றிய கண்காட்சியைச் சுற்றி வரலாம். கடைசியில் பிள்ளைகள் கையில் ஒரு பெட்டி. எட்டு வயதுக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? பூரணத்தில் அன்னாசி மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். பழைய முறையில் நம் வெண்பூசணியைச் சுண்டவைத்து அதோடு கலக்கிறார்கள். நாரும் புளிப்பும் அடங்குவதற்காக. வெண்பூசணி அல்வா கிண்டத் தெரிந்த வீட்டில் அந்தப் பூரணத்தைத் தாராளமாகச் செய்துபார்க்கலாம்.

மரவள்ளி உருண்டை போட்ட முத்துத் தேநீர் (பபிள் டீ) பல வகுப்புகளில் இலவச இணைப்பாக வருகிறது. தைச்சுங்கில் ஒரு கடையும் தைனானில் ஒரு கடையும் நாங்கள்தான் முதலில் செய்தோம் என்று நீதிமன்றம் வரை போய்ப் பல ஆண்டுகள் வழக்காடின. இது காப்புரிமை பெற்ற பொருள் அல்ல, யார் வேண்டுமானாலும் செய்யலாம், முதலில் செய்தவர் யார் என்று தீர்மானிக்கத் தேவையே இல்லை என்று 2019-ல் தீர்ப்பு வந்தது. மரவள்ளி மாவில் கொதிக்கும் சர்க்கரைப்பாகை ஊற்றிப் பிசைந்தால்தான் உருண்டை பிடிக்க வரும். ஆறிய பாகு என்றால் கையில் நில்லாமல் ஒழுகும். இந்த ஒரு விஷயம் தெரிந்துகொள்ளத் தக்கது. இதற்கென்று தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை. சேலத்து ஜவ்வரிசி ஆலைகள் இருக்கும் நாட்டிலிருந்து போகிறவர் மரவள்ளி உருண்டைக்கு ஆயிரம் டாலர் கொடுப்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகவே இருக்கிறது.

சைவர்களுக்கு

தைவானில் சைவ உணவுக்குப் பஞ்சமே இல்லை. பௌத்தர்களும் இக்குவான்தாவ் என்ற சமய நெறியினரும் ஏராளம்; பொட்டலத்தில் எந்த வகைச் சைவம் என்று அச்சிட வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆனால் சமையல் வகுப்பில் மட்டும் சைவர்களுக்குச் சற்றுச் சிக்கல். சைவம் என்று நீங்கள் சொல்வதை ஆசிரியர் வேறு விதமாக எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. பக்தியால் சைவம் உண்பவர்களில் பலர் அங்கே வெங்காயம், பூண்டு வகைகளையும் தவிர்ப்பார்கள். விலக்கப்பட்ட ஐந்து காரப் பொருள்களின் பட்டியலில் பெருங்காயம்கூட இருக்கிறது! மறுபக்கம், முட்டை சேர்க்கும் சைவமும் அங்கே அங்கீகரிக்கப்பட்ட ஒரு வகை. ஆக, வெறுமனே சைவம் என்று எழுதி அனுப்பினால் நீங்கள் ஆசையோடு எதிர்பார்த்த வெங்காயத்தாள் ரொட்டி பட்டியலிலிருந்து போய்விடலாம், முட்டை வந்து உட்காரலாம். எது சேரும், எது சேராது என்று பெயர் சொல்லி எழுத வேண்டும்: வெங்காயம், பூண்டு, பால் சரி; முட்டை, மீன், காய்ந்த இறால், சிப்பிச் சாறு, பன்றிக் கொழுப்பு வேண்டாம். லோபோகாவில் காய்ந்த இறால் ஒளிந்திருக்கும். ரொட்டியில் பன்றிக் கொழுப்பு தடவுகிறவர்களும் உண்டு. பன்றி தவிர்க்கும் முஸ்லிம் பயணிகளும் இந்த இரண்டு பண்டங்களிலும் பன்றிக் கொழுப்பு உண்டா என்று தனித்தனியாகக் கேட்டுவிட வேண்டும். சான்பெய்யைக் கோழிக்குப் பதில் காளானிலோ டோஃபுவிலோ செய்துகாட்ட எந்த நல்ல ஆசிரியரும் தயங்கமாட்டார். பெரிய காளானைத் தடித் துண்டுகளாக வெட்டிச் செய்தால் கோழியைத் தேட மாட்டோம்.

சைவர்களுக்கு நான் தனியாகச் சொல்வது பெய்பூ. சின்ச்சு மாவட்டத்தில், தென்சீனாவிலிருந்து வந்து குடியேறிய ஹக்கா மக்களின் பழைய ஊர். தைபேயிலிருந்து அதிவேக ரயிலில் சின்ச்சு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், பிறகு பஸ். அங்குள்ள தேநீர்க் கடைகளில் லெய்ச்சா என்ற அரைத்த தேநீரை நாமே அரைத்துக் குடிக்கலாம். உள்ளே வரிவரியாகக் கீறல் போட்ட மண்சட்டி ஒன்றும் நீண்ட மரக்கட்டை ஒன்றும் தருவார்கள். தேயிலையை முதலில் தூளாக்கி, எள்ளும் நிலக்கடலையும் போட்டு, எண்ணெய் கசிந்து விழுதாகும்வரை அரைக்க வேண்டும். ஆட்டுக்கல் சுற்றிய கைக்கு இது பெரிய வேலை அல்ல. சுற்றாத கைக்குத் தோள் வலிக்கும். மாற்றி மாற்றி அரைத்தால் சீக்கிரம் முடியும். வெந்நீர் ஊற்றிக் கலக்கி, மேலே பொரி தூவிக் குடிக்கலாம். இதை வகுப்பு என்று யாரும் சொல்வதில்லை, சான்றிதழும் கிடையாது, செலவும் தலைக்குச் சில நூறு டாலரைத் தாண்டாது. ஆனால் என் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்குவது இதுதான்: பொருள் அத்தனையும் எதிரே, அரைப்பது நீங்கள், குடிப்பதும் நீங்கள்.

நாளும் நேரமும்

தைபேயில் பல பாரம்பரியச் சந்தைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சந்தையோடு கூடிய வகுப்பைத் திங்களன்று பதிவு செய்தால் சமையற்கூடம் மட்டும்தான் மிஞ்சும். சீனப் புத்தாண்டு வாரத்தில் ஆசிரியர்களே ஊருக்குப் போய்விடுவார்கள். பிற்பகல் வகுப்புகளைத் தவிருங்கள். சந்தை காலையோடு அடங்கிவிடும். பயணத்தின் கடைசி நாளில் வைப்பதைவிட முதல் இரண்டு நாளில் வைப்பது பலன் தரும். சந்தையில் ஆசிரியர் காட்டியவற்றை அடுத்த நாள்களில் நீங்களே அடையாளம் கண்டு சாப்பிடுவீர்கள், திஹுவா தெருவில் காய்ந்த காளானோ எண்ணெயோ வாங்கும்போது ஏமாறவும் மாட்டீர்கள். புட்டிகளைக் கைப்பையில் வைக்காதீர்கள். நூறு மில்லிக்கு மேல் விமான நிலையத்தில் விடமாட்டார்கள்.

தைனானுக்குப் போகிறவர்கள் அங்கேயும் வகுப்பு தேடலாம். தீவின் பழைய தலைநகரம், சமையலில் இனிப்புத் தூக்கல். ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்புகளின் எண்ணிக்கை தைபே அளவுக்கு இல்லை. வூலாய் போன்ற பழங்குடி ஊர்களில் மூங்கில் குழாயில் வேகவைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வருவதே போதும் என்று நினைக்கிறேன்.

கையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, விமானம் மாறும் இடைவெளியில் தைபேயைப் பார்க்கிறீர்கள் என்றால் வகுப்பே வேண்டாம். காலையில் சூடான சோயாப்பால், மதியம் ஒரு கிண்ணம் லூரோஃபான், மாலையில் ராவ்ஹே இரவுச் சந்தையில் மண் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுட்ட மிளகு ரொட்டி. நடுவில் எங்காவது மறக்காமல் பொரித்த சின்ன வெங்காயச் சாடி ஒன்றை வாங்கிவிடுங்கள். 2,000 டாலரில் பெரும்பகுதி பையிலேயே இருக்கும்.